நல்லா இருக்கேன் ஐயா, ஸ்தோத்திரம்!



ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எப்படி இருக்கீங்க?" கிடைக்கிற பதிலும் ஒன்றுதான்: "நல்லா இருக்கேன் ஐயா, ஸ்தோத்திரம்!" இந்தப் பதிலை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ! அதில் எவ்வளவு உண்மை என்று நான் நின்று யோசித்ததில்லை. ஒரு சகோதரி என்னை யோசிக்க வைத்தார்கள். அவர்களுடைய அனுமதியோடு, பேர் ஊர் சொல்லாமல் எழுதுகிறேன்.

சமையற்கட்டில் நடந்தது

அந்தச் சகோதரி ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. சபையில் ஞாயிறு பள்ளிப் பொறுப்பு அவர்களுக்கு. பெண்கள் ஐக்கியத்தின் கணக்கு அவர்களுக்கு. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி வந்தால், இருநூறு பிள்ளைகளுக்குப் பாட்டு, பாடம், சாப்பாடு, பரிசு எல்லாம் அவர்கள் கையில். ஒரு வருஷமும் ஒரு குறை வந்ததில்லை. "அக்கா இருக்காங்க, பார்த்துக்குவாங்க" என்பது சபையில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அதை அதிகமாகச் சொன்னவன் நான்தான்.

சில வருஷங்களுக்கு முன், வி.பி.எஸ். கடைசி நாள். பிள்ளைகளின் நிகழ்ச்சி முடிந்து பெற்றோர் எல்லாரும் கைதட்டினார்கள். நான் மேடையில் அவர்கள் பேரைச் சொல்லி நன்றி சொன்னேன். ஆளைக் காணவில்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் சமையற்கட்டுக்குப் போனேன். சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் தண்ணீர் டம்ளர். கை நடுங்கி, தண்ணீர் புடவையெல்லாம் சிந்தியிருந்தது.

"என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "பதினோரு வருஷமா ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுதுங்க. முழிச்ச உடனே வயித்துல புளியைக் கரைக்கும். இன்னிக்கு எதைத் தப்பாச் செய்யப்போறேன், யார் கண்டுபிடிக்கப்போறாங்கன்னு. நீங்க எல்லாரும் என்னை என்னமோ நினைச்சிட்டு இருக்கீங்க. நான் அப்படிப்பட்ட ஆளே இல்லீங்க ஐயா."

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாய் திறந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "பயமெல்லாம் பிசாசு கொண்டு வர்றதும்மா. விசுவாசமா இருங்க. நான் ஜெபம் பண்ணிக்கிறேன்."

அவர்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். பழைய புன்னகை திரும்பி வந்துவிட்டது. "சரிங்க ஐயா. நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் எண்ணப் போய்விட்டார்கள்.

திறந்த கதவை நான் சாத்தினேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கவசத்துக்குள்ளே

வேதத்தில் நாகமானைப் பாருங்கள் (2 இராஜாக்கள் 5). படைத்தலைவன். ராஜாவுக்கு வேண்டியவன். யுத்தத்தில் ஜெயித்தவன். ஜனங்கள் வீதியில் பார்த்தது அவன் கவசத்தை. கவசத்தைக் கழற்றிய பிறகு அவன் பார்த்தது தன் குஷ்டத்தை. பயமும் கவலையும் குஷ்டம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஒரு சாதாரணச் சிப்பாய், "என்னால முடியலை" என்று பக்கத்துச் சிப்பாயிடம் சொல்லிவிடலாம். படைத்தலைவன் யாரிடம் சொல்லுவான்? வெளியே வெற்றி வளர வளர, உள்ளே இருப்பதைச் சொல்ல ஆள் குறைந்துகொண்டே போகிறது.

இன்றைக்கு நாகமான்கள் நம் சபை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாங்கு மேனேஜராக இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார்கள். வகுப்பில் முதல் மார்க் வாங்கும் மகளாக, கீபோர்டு வாசிக்கும் தம்பியாக இருக்கிறார்கள். ஒரு கடிதத்தை ஏழு தடவை வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நிற்பார்கள். பூட்டிய கதவை மறுபடியும் இழுத்துப் பார்ப்பார்கள். போன் மணி அடித்தால் நெஞ்சு திக்கென்று இருக்கும். யார் எந்த வேலை கொடுத்தாலும் "முடியாது" என்று சொல்ல வராது. நாம் அதைப் பார்த்து, "எவ்வளவு பொறுப்பான பிள்ளை!" என்கிறோம். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து, "என்ன வேகம்!" என்று மெச்சுகிற கதைதான்.

பயத்துக்குக் கிடைக்கும் கூலி

ஒரு வெற்றி வந்தால் பயம் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். பரீட்சை பாஸானால் போய்விடும், வேலை கிடைத்தால் போய்விடும், பிரமோஷன் வந்தால் போய்விடும். போகிறதா?

1978-ம் ஆண்டு அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். படிப்பிலும் வேலையிலும் உயர்ந்த நிலைக்கு வந்த 150-க்கும் அதிகமான பெண்களிடம் அவர்கள் கண்டதை அதில் எழுதினார்கள். பட்டம் வாங்கியும், பதவி வாங்கியும், அந்தப் பெண்களின் உள்ளே ஓர் எண்ணம் இருந்தது: "நான் உண்மையில் திறமைசாலி இல்லை. எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் பிடிபடுவேன்." பிற்காலத்தில் ஆண்களிடமும் இதே எண்ணம் இருப்பதைக் கண்டார்கள். அந்தச் சகோதரி சமையற்கட்டில் என்னிடம் சொன்னதும் இதுதான் அல்லவா?

ஏன் வெற்றி இந்தப் பயத்தைக் குணமாக்குவதில்லை? பயப்படுகிறவர் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைக்கிறார். காரியம் நன்றாக முடிகிறது. உடனே மனம் சொல்லுகிறது: "பார்த்தாயா, பயந்ததினால்தான் தப்பித்தாய். அடுத்த தடவை இன்னும் அதிகமாகப் பயப்படு." இப்படி ஒவ்வொரு வெற்றியும் பயத்துக்குக் கூலி கொடுத்து அனுப்புகிறது. கூலி வாங்கினவன் மறுநாளும் வேலைக்கு வராமல் இருப்பானா?

சரீரமும் இதற்குத் தண்டம் கட்டுகிறது. ஆபத்தில் ஓடவோ எதிர்த்து நிற்கவோ நமக்குப் பலம் கொடுப்பதற்காகவே அட்ரினலின் என்ற சுரப்பு நம்மில் இருக்கிறது. நாய் துரத்தினால் அது நல்லது. ஆனால் நாய் இல்லாமலே தினமும் துரத்தப்பட்டால் நெஞ்சு படபடக்கும், கழுத்தும் தோளும் இறுகும், வயிறு கெடும், தூக்கம் போகும். வெளியே வர்ணம் அடித்த கதவு பளபளக்கும். உள்ளே கரையான் வேலை செய்துகொண்டிருக்கும்.

இது மாய்மாலமா?

இப்போது நெஞ்சைக் குத்துகிற கேள்விக்கு வருகிறேன். உள்ளே நடுங்கிக்கொண்டு வெளியே சிரிக்கிறவன் மாய்மாலக்காரனா? "ஸ்தோத்திரம்" என்று சொன்ன அந்தச் சகோதரி பொய் சொன்னார்களா?

அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய் உள்ளே கதிகலங்கிப்போய் இருப்பாள். ஆனால் குழந்தையிடம், "சரியாயிடும்டா கண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். மலைப்பாதையில் பிரேக் சரியில்லை என்று உணர்ந்த டிரைவர், பஸ்ஸிலிருக்கிற ஐம்பது பேரிடமும் அலறமாட்டார். இவர்கள் பொய்யர்களா? இல்லை. இது அன்பு. மாய்மாலக்காரன் வேஷத்தினால் லாபம் சம்பாதிக்கிறவன். பயத்தை மறைக்கிறவரோ அந்த வேஷத்துக்காகத் தன் தூக்கத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் மறைப்பதில் தவறே இல்லையா? இருக்கிறது. எல்லாரிடமிருந்தும், எப்போதும் மறைக்கும்போது இருக்கிறது. முதலாவது, வீட்டார் பாதிக்கப்படுகிறார்கள். வெளியே பொறுமையெல்லாம் செலவாகிவிட, வீட்டுக்கு மிஞ்சுவது எரிச்சல்தான். இரண்டாவது, அன்பு வந்து சேர்வதில்லை. நாம் புகழும்போது அந்தப் புகழ்ச்சி கவசத்தின்மேல் படுகிறது. உள்ளே இருக்கிற ஆளுக்கு அது எட்டுவதில்லை. "என்னைத் தெரிந்தால் இப்படிப் பேசமாட்டார்கள்" என்று அவர் நினைக்கிறார். மூன்றாவதுதான் பெரியது. பக்கத்து பெஞ்சில் இதேபோல் நடுங்குகிற இன்னொருவர், உங்கள் சிரிப்பைப் பார்த்து, "எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், நான் ஒருத்திதான் இப்படி" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். நம்முடைய மௌனம் அவரைத் தனிமையாக்குகிறது.

நம்முடைய கர்த்தர் கெத்செமனேயில் என்ன செய்தார்? (மத்தேயு 26). அந்த இரவில் சீஷர் பதினொரு பேர் அவரோடு இருந்தார்கள். எட்டுப் பேரை ஓரிடத்தில் உட்காரச் சொன்னார். பேதுரு, யாக்கோபு, யோவான் என்ற மூன்று பேரை மட்டும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். தம்முடைய ஆத்துமாவின் பாரம் எவ்வளவு என்பதை அவர்களிடம் வாய் திறந்து சொன்னார். தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். ஊர் முழுவதுக்கும் அவர் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லாமலும் இருக்கவில்லை. அந்த மூவரும் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் அவர் கேட்டார்! தேவகுமாரனே துணை கேட்டிருக்க, "எனக்கு யார் துணையும் வேண்டாம், நான் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்ல நாம் யார்?

வெற்றிக்கு மறுநாள்

எலியா கர்மேல் மலையில் 450 பாகால் தீர்க்கதரிசிகளுக்கு முன்பாக ஜெயித்தவன். அடுத்த அதிகாரத்தில் ஒரு பெண்ணின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்கிறான் (1 இராஜாக்கள் 19). தேவன் அவனை, "உன் விசுவாசம் எங்கே போயிற்று?" என்று கடிந்துகொண்டாரா? இல்லை. முதலில் தூங்கவிட்டார். தூதனை அனுப்பிச் சாப்பிடச் சொன்னார். மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பாடு கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பேசினார். தான் ஒருவன்தான் மிச்சம் என்று எலியா சொன்னபோது, இன்னும் 7000 பேர் உண்டு என்று காட்டினார். எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். நான் அந்தச் சகோதரிக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட மறுபடி ஊற்றிக் கொடுக்கவில்லை.

லண்டனில் ஊழியம் செய்த சார்லஸ் ஸ்பர்ஜனை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 19 வயதில் லண்டன் சபைக்குப் பிரசங்கியாராக வந்தார். இடம் போதாமல் ஜனங்கள் திரண்டார்கள். 1856 அக்டோபர் 19-ம் தேதி இரவு, சர்ரே கார்டன்ஸ் மியூசிக் ஹாலில் ஆயிரமாயிரமாய் ஜனங்கள் கூடியிருந்தபோது யாரோ "தீ" என்று பொய்யாகக் கூச்சல் போட்டார்கள். நெரிசலில் ஏழு பேர் மாண்டார்கள். ஸ்பர்ஜனுக்கு அப்போது வயது 22. வீட்டில் ஒரு மாதக் கைக்குழந்தைகளாக இரட்டைப் பிள்ளைகள். அவர் அப்படியே உடைந்துபோனார். சில வாரங்களில் மறுபடியும் பிரசங்கித்தார். 1861-ல் மெட்ரோபாலிட்டன் டாபர்னக்கிள் என்ற பெரிய ஆலயம் திறக்கப்பட்டது. உலகம் அவரைப் பிரசங்கிகளின் இளவரசன் என்று கொண்டாடியது. ஆனாலும் மனச்சோர்வு 1892-ல் அவர் மரிக்கும் நாள்மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

அவர் செய்த ஒரு காரியம்தான் என்னைத் தொட்டது. அவர் அதை மறைக்கவில்லை. தம்மிடம் படித்த ஊழிய மாணவர்களுக்கு அதைப்பற்றியே ஒரு முழுப் பாடம் நடத்தினார். சோர்வு எப்போது வரும் என்று சொல்லும்போது, பெரிய வெற்றி கிடைக்கும் நேரத்தை அவர் முதலாவதாகக் குறிப்பிட்டார். நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பதும், ஓய்வில்லாத உழைப்பும், நல்ல காற்று இல்லாததும் காரணம் என்றார். விசுவாசக் குறைவு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவில்லை. எத்தனை வாலிப ஊழியர்கள் அன்றைக்கு, "எனக்கு மட்டும் இல்லை" என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள்!

நான் ஏன் கதவைச் சாத்தினேன்?

உங்கள் முன்பாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்தச் சகோதரிக்கு நான் அப்படிப் பதில் சொன்னது என் விசுவாசம் பெரியது என்பதால் அல்ல. சனிக்கிழமை இரவுகளில் எனக்கும் தூக்கம் வராது. "நாளைக்குப் பிரசங்கம் பலனில்லாமல் போய்விட்டால்?" என்று வயிறு கலங்கும். பிரசங்கக் குறிப்பை எத்தனை தடவை மாற்றி எழுதியிருக்கிறேன் என்பது என் மனைவிக்குத்தான் தெரியும். அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றால் என் கவசமும் கழன்றுவிடுமோ என்று பயந்தேன். அதனால் ஜெபத்தைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். ஜெபம் பண்ணுவது நல்லது. ஆனால் காதை அடைப்பதற்காக ஜெபத்தை உபயோகிப்பது நல்லதல்ல.

சபையாகவும் நாம் குற்றவாளிகள். ஜெயித்தவர்களுக்கு மட்டுமே சாட்சி சொல்ல மைக் கொடுக்கிறோம். இன்னும் போராட்டத்தின் நடுவில் இருக்கிறவருக்குக் கொடுப்பதில்லை. "முடியாது" என்று சொல்லத் தெரியாத ஆளின் தலையில்தான் நாலாவது பொறுப்பையும் ஏற்றுகிறோம். ஜனங்களை நியாயம் விசாரிக்கத் தனியே உட்கார்ந்திருந்த மோசேயைப் பார்த்து, இது சரியில்லை, நீ இளைத்துப்போவாய் என்று சொல்ல ஒரு மாமன் எத்திரோ இருந்தான் (யாத்திராகமம் 18). நம் சபையில் எத்திரோ யார்?

என்ன செய்யலாம்?

பிரியமானவர்களே, உங்களுக்கு இந்தப் பயம் இருந்தால் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். மேடையில் ஏறிச் சொல்ல வேண்டாம். வாயடக்கம் உள்ள ஒருவரைத் தேடுங்கள். கணவன், மனைவி, கூடப்பிறந்தவர்கள், ஒரு பழைய சிநேகிதர், யாராக இருந்தாலும் சரி. சொல்லும்போது சரியான வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. "எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்லை" என்று ஆரம்பித்தால் போதும்.

கேட்கிறவர்களே, உடனே வசனம் சொல்லாதீர்கள். முதலில் கேளுங்கள். "எத்தனை நாளா?" என்று கேளுங்கள். வேலையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கவலை மாதக்கணக்காக விடாமல் தொடர்ந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், டாக்டரிடம் போங்கள். நன்றாக வேலை செய்துகொண்டிருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று அர்த்தமாகாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பும் கை நடுக்கமும் வரும். அதைப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். மனக் கவலைக்கென்று ஆலோசனை முறைகளும் மருந்துகளும் இருக்கின்றன. கொடுத்த மருந்தை உங்கள் இஷ்டத்துக்குத் திடீரென்று நிறுத்தாதீர்கள். இதற்கெல்லாம் போவது அவிசுவாசம் என்று நினைக்கவேண்டாம். மிஷனெரிகள் கட்டிய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் பாகாயத்தில் மனநல மையமே இருக்கிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருப்பார்கள். 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு டெலி மானஸ் என்ற உதவியை ஆரம்பித்தது. 14416 என்ற எண்ணுக்கு இரவோ பகலோ போன் செய்யலாம், கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்காதீர்கள். எந்த நேரமானாலும் என் கதவைத் தட்டுங்கள்.

அந்தச் சகோதரி என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ஐந்து மாதம் கழித்து, என் மனைவியோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். "அன்னிக்கு நீங்க சொன்னதை நான் கேட்கலைம்மா. மன்னிச்சிடுங்க. இப்ப சொல்லுங்க, கேட்கிறேன்" என்றேன். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அவர்கள் கணவர் காபி டம்ளரைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். காபி ஆறிவிட்டது. "எனக்கு முழிப்பு வரும்போதெல்லாம் நீ பக்கத்துல இல்லை. ஜெபம் பண்றேன்னு நினைச்சேன்" என்றார்.

பிறகு டாக்டரைப் பார்த்தார்கள், ஆலோசனைக்கும் போகிறார்கள். பொறுப்புகளை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தோம். அந்த வருஷம் வி.பி.எஸ்.-ல் பதினாறு பிள்ளைகளுக்குப் பரிசு குறைந்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கொடுத்தோம்.

முற்றிலும் விடுதலை ஆகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். சில இரவுகளில் இன்னும் மூன்று மணிக்கு முழிப்பு வருகிறதாம். ஆனால் இப்போது கணவரை எழுப்புகிறார்கள்.

நானும் வாசலில் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரைக்கும் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சகோதரியிடம், "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்கள்.

"இந்த வாரம் அவ்வளவு நல்லா இல்லீங்க ஐயா," என்றார்கள். "ஸ்தோத்திரம்."

அந்த ஸ்தோத்திரம்தான் எனக்கு உண்மையான ஸ்தோத்திரமாகக் கேட்டது.

உங்களுக்காக ஜெபிக்கிற,
உங்கள் ஊழியன்.